எழுபத்தொன்று காட்டும் மீட்டர்

ஏப்ரல் 9, செவ்வாய். அனகோர்டெஸ் படகுத்துறை

மழை. காலையில் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஓரின் சொன்னான்: "மே இருபதாம் தேதி தரகர் வர்றாரு. படகைப் படம் எடுக்கணுமாம்." ஏதோ கேஸ் சிலிண்டர் வரப்போகிற மாதிரி.

விற்கலாமா என்று கேட்கவில்லை. விற்கிறோம் என்று சொன்னான். பதினேழு வருஷமாக என்னுடைய கோடை விடுமுறை எல்லாம் இந்தப் 'ப்ளவர்' படகில்தான் கழிந்திருக்கிறது. பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்ட பிறகு வருஷத்தில் பாதி இதில்தான் வாசம். கட்டின புருஷன் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டு விற்றுவிட்டான்!

"ஏன்?" என்றேன்.

"போன ஆகஸ்ட்டு மறந்துபோச்சா உனக்கு?"

மறக்கவில்லை. தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றைத் தள்ளும் மெஷின் இல்லாமல் படுக்கக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஆகஸ்ட்டில் கனடா பக்கம் நங்கூரம் போட்டிருந்தபோது பேட்டரி தீர்ந்து மெஷின் பாதி ராத்திரியில் அணைந்துவிட்டது. அதற்கப்புறம் பத்து நாளும் அதே கதை.

"பேட்டரியை மாத்தினா தீர்ந்தது" என்றேன்.

"பேட்டரிக்கு என்ன கேடு? மீட்டரைப் பாரு. உன் மெஷின்தான் ரொம்ப இழுக்குது."

பார்த்தேன். பேட்டரியில் நூறு சதவீதம் இருக்கிறதாம். இந்த மீட்டர் என்றைக்குக் குறை சொல்லியிருக்கிறது?

ஏப்ரல் 11, வியாழன்

இரண்டு நாள் யோசித்துவிட்டு இன்று ஓரினிடம் பேசினேன். மூன்று ராத்திரி நங்கூரம் போட்டு நிற்போம். இன்ஜினைத் தொடக் கூடாது. கரையிலிருந்து கரண்டும் கிடையாது. ஃப்ரிட்ஜ் ஓட வேண்டும், மெஷின் விடியும்வரை ஓட வேண்டும். ஓடினால் தரகர் வர வேண்டாம். ஒரு ராத்திரி அணைந்தாலும் நானே கையெழுத்துப் போடுகிறேன்.

"யாரு மாத்தப்போறா பேட்டரியை?"

"நான்."

"அம்மா தாயே, ஒயரிங் எல்லாம் நான் பண்ணினது. உனக்கு ஒண்ணும் புரியாது."

"புரியறவரைக்கும் நீ எதையும் தொடாதே."

சரி என்றான். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லுகிற ஆளில்லை அவன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

பரீட்சை வைத்தேன். எனக்கல்ல, பேட்டரிக்கு.

பக்கத்துப் படகு ஹால்வரிடம் கேட்டேன். முப்பது வருஷம் சால்மன் பிடித்தவர், எதைக் கேட்டாலும் சட்டைப் பையில் பதில் வைத்திருப்பார். லாரி ஹெட்லைட் பல்பு நாலு கொண்டுவந்து கொடுத்தார். சோலார் தகடுகளைத் தார்ப்பாயால் மூடினேன். கரைக் கரண்ட்டைப் பிடுங்கினேன். காலை ஏழு மணிக்கு நாலு பல்பையும் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.

புதுசாக இருந்தபோது இந்தப் பேட்டரிகள் நாலு பல்பையும் ஒரு பகல் ஒரு இரவு முழுக்க எரித்திருக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பல்பெல்லாம் அழுக்கு மஞ்சளாகி அணைந்தன. ஏழு மணி நேரம்! மீட்டர் அப்போதும் 71 என்று காட்டிக்கொண்டிருந்தது.

ஹால்வர் சிரித்தார். "அம்மணி, அதுக்கு எண்ணத்தான் தெரியும். உள்ள எவ்வளவு போச்சு, வெளிய எவ்வளவு வந்துச்சு, அவ்வளவுதான். பானை எவ்வளவு பெருசுன்னு நாமதான் சொல்லிக் குடுக்கணும். ஏழு வருஷம் முன்னாடி ஓரின் சொன்னதையே அது இன்னும் நம்பிக்கிட்டிருக்கு. பானை சுருங்கினது அதுக்கு எப்படித் தெரியும்?"

ஓரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அணைந்த பல்பைப் பார்த்தான், 71-ஐப் பார்த்தான். ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன். படவே இல்லை. காலணியை மாட்டிக்கொண்டு ரொட்டி வாங்கப் போய்விட்டான். என்ன மனுஷன் இவன்?

ஏப்ரல் 20, சனி

இந்தப் படகுத்துறையில் மூன்று பேரைக் கேட்டால் நாலு அபிப்பிராயம் கிடைக்கும்.

பழைய மாதிரியே கோல்ஃப் வண்டியில் போடுகிற ஈய பேட்டரி போடு என்கிறார் ஹால்வர். எளிது, எங்கேயும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் இருபத்தெட்டு கிலோ, நாலு. என் வலது தோள் ஸ்டியரிங் பிடித்தே தேய்ந்துபோனது. அதோடு, எங்களுடையது ஏன் செத்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. ஈய பேட்டரி அடிக்கடி முழுசாக நிரம்ப வேண்டும். கடைசிக் கொஞ்சம் நிரம்ப மணிக்கணக்காகும். எங்கள் ஊர் மேகத்தில் சோலார் அதை எங்கே நிரப்பியது? ஏழு கோடையும் முக்கால் வயிற்றோடு படுத்திருக்கின்றன, பாவம்.

லித்தியம் என்றால் பாதி நிரம்பினாலும் அதற்குக் கேடில்லை. எடையும் பன்னிரண்டு கிலோதான், நானே தூக்குவேன். இரண்டு சங்கடம். உறைகிற குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது. அது பரவாயில்லை, நாங்கள் போவது கோடையில். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர். கொடுத்ததையெல்லாம் லித்தியம் வாங்கிக்கொண்டே இருக்கும், கொடுக்கிற ஆல்டர்னேட்டர் சூடேறிப் பொசுங்கிவிடும். நடுவில் அளந்து விடுகிற பெட்டி ஒன்று வைக்க வேண்டும். வைப்பேன்.

ஒரு நாளுக்கு எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஃப்ரிட்ஜ், மெஷின், ஹீட்டர், விளக்கு என ஒவ்வொன்றாக அளந்தேன். மூன்று பேட்டரி. வெயிலே வராவிட்டாலும் மூன்று ராத்திரி தாங்கும், இழுத்துப் பிடித்து.

ஏப்ரல் 22, திங்கள்

ஆர்டர் கொடுத்தாயிற்று. லித்தியம், மூன்று. இனிப் பேச்சில்லை.

மே 3, வெள்ளி

பழசை வெளியே எடுத்தேன். ஹால்வர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒயர் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போட்டோ எடுத்து, டேப் ஒட்டி, எண் போட்டேன். ஓரின் மேலே உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தான். ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. போன கோடையிலிருந்தே இப்படித்தான். கனடாவில் பகல் முழுக்கத் தூங்கினான், நான்தான் தனியாகச் சுக்கான் பிடித்தேன். படகு அலுத்துவிட்டது அவனுக்கு. அலுத்தது என்று வாய்விட்டுச் சொல்லித் தொலைக்கலாமில்லையா?

மே 8, புதன்



பெட்டி, ஃபியூஸ், எல்லாம் பொருத்திவிட்டேன். மீட்டருக்குப் புதுப் பானையின் அளவைச் சொல்ல வேண்டும். பழைய அளவை எப்படிப் போட்டான் என்று பார்க்கப் படகின் பயணப் புத்தகத்தை எடுத்தேன். புரட்டும்போது போன ஆகஸ்ட் வந்தது.

காற்று, அலை, நங்கூரம் போட்ட ஆழம் எல்லாம் ஓரின் கையெழுத்தில். கீழே பென்சிலில் வரிவரியாகக் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. நாலு கோடு, குறுக்கே ஒன்று. முதலில் புரியவில்லை. பக்கத்தில் பொடியாக எழுதியிருந்தான்: "1.40-லிருந்து 5.30 வரை. முப்பத்தொரு தடவை. நீண்டது 42 வினாடி."

என் மூச்சு. என் மூச்சு நின்றதை எண்ணியிருக்கிறான். பத்து ராத்திரி, பத்துப் பக்கம்.

மேலே போய்ப் புத்தகத்தை அவன் மடியில் போட்டேன். "என்னை எழுப்பக்கூடாதா?"

"எழுப்பினேன். ஒவ்வொரு தடவையும் உலுக்கினேன். 'உம்'னுட்டுப் புரண்டு படுத்துக்குவ."

"அதான் பகல்ல தூங்கினியா?"

கயிறு பின்னுவதிலேயே கண்ணாக இருந்தான்.

"பேட்டரி செத்துப்போனது உனக்கு அப்பவே தெரியும், இல்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏண்டா மீட்டரைப் பாரு மீட்டரைப் பாருன்னு என் உயிரை எடுத்தே?"

கயிற்றைக் கீழே வைத்தான். "பேட்டரிதான் காரணம்னு ஒத்துக்கிட்டா நீ புதுசு வாங்கி மாட்டிட்டு மறுபடி கிளம்பிடுவ, வெர்னா. உன்னைத் தெரியாதா எனக்கு? நடுக்கடல்ல அதுவும் நின்னா? இன்னொரு தடவை அப்படி உக்காந்து எண்ண என்னால முடியாது. சத்தியமா முடியாது."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மாதமாக இவனைத் திட்டித் திட்டி இந்த நோட்டை நிரப்பியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: மூன்று ராத்திரி பந்தயம் பந்தயம்தான். இப்போது அது எனக்காக மட்டுமில்லை.

மே 11, சனி

முடிந்தது. எல்லா முனையும் இறுக்கினேன், ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். மீட்டரில் புது அளவு போட்டேன். விளக்கு எரிந்தது. ஹால்வர் கைதட்டினார். ராஜாங்கமே கையில் வந்த மாதிரி நின்றேன்.

மே 12, ஞாயிறு

ராஜாங்கம் ஒரு நாள்தான்.

காலையில் ஓரின் தரைப் பலகையைத் தூக்கிப் பார்த்தான். அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். புரொப்பெல்லர் தண்டு வழியாகச் சொட்டுவது எப்போதும் உள்ளதுதான், பம்பு தானாக வெளியே தள்ளிவிடும். பழைய பேட்டரியைக் கழற்றிய நாளிலிருந்தே தள்ளவில்லை. எல்லா ஒயருக்கும் எண் போட்ட மகராணி, பம்பின் சிவப்பு ஒயருக்கு மட்டும் போடவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் பம்பு ஓட வேண்டும் என்று அதை மட்டும் ஓரின் நேராகப் பேட்டரியில் மாட்டியிருந்தான். போட்டோவில் அது தடி ஒயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் அனாதையாகத் தொங்கியது.

இப்போது சொல்வான், உனக்கு ஒன்றும் புரியாது என்று சொன்னேனே என்று. காத்திருந்தேன்.

ஸ்பானரை என்னிடம் நீட்டினான். "நீயே மாட்டு. நான் தொடக் கூடாதுன்னு உத்தரவு."

மாட்டினேன். பம்பு உறுமியது. தண்ணீர் வடிகிறவரை இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மே 15, புதன். சூசியா தீவு

மதியம் நங்கூரம் போட்டோம். இன்ஜின் சாவியைக் கழற்றிக் காபி டப்பாவுக்குள் போட்டேன். மீட்டர் 100. இந்த நூறை நம்பலாம் என்று நினைக்கிறேன். பயமாகவும் இருக்கிறது.

மே 16, வியாழன்

82. மெஷின் விடியும்வரை ஓடியது. ஓரினின் கண் சிவந்திருக்கிறது.

மே 17, வெள்ளி

67. நேற்று கொஞ்சம் வெயில் வந்தது, இன்று நாள் முழுக்க மழை. தகடுகள் சும்மா நனைந்துகொண்டிருக்கின்றன. ஹீட்டரை அணைத்துவிடலாமா என்றான். "வேண்டாம், எப்பவும் வாழற மாதிரிதான் வாழணும். இல்லேன்னா அது பரீட்சையே இல்ல" என்றேன். ஹீட்டர் ஓடியும் குளிர்தான், ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொண்டேன். மாலையில் சூப் வைத்தான். நன்றாக இருந்தது.

மே 18, சனி

39.

ஏழு மணிக்குக் கண் விழித்தேன். முகமூடிக்குள் காற்று சீறிக்கொண்டிருந்தது. மூன்றாவது ராத்திரியும் ஓடிவிட்டது.

மேஜைமேல் பயணப் புத்தகம் திறந்து கிடந்தது. பதினைந்தாம் தேதிக்குக் கீழே, கால்மணிக்கு ஒன்றாக விடியும்வரை நேரம் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நேராக "ஓடுது, ஓடுது" என்று எழுதியிருக்கிறான். பதினாறுக்குக் கீழே ராத்திரி ஒன்றேகால் வரைதான். பதினேழாம் தேதி என்று தலைப்பு போட்டிருக்கிறான். கீழே ஒன்றுமில்லை. நடுவில் பென்சில் கிடக்கிறது.

இப்போது மணி ஒன்பதரை. ஓரின் வாய் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். காபி இரண்டு தடவை ஆறிவிட்டது. வர வேண்டாம் என்று தரகருக்கு அவன்தான் போன் பண்ண வேண்டும். எழுந்த பிறகு பண்ணட்டும்.