எந்நேரமும் கூப்பிடலாம்

3-8-64, திங்கள். திண்டிவனம்.
காலையிலிருந்தே புழுக்கம். மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. மழை வரவில்லை. மகள் கஸ்தூரி வந்தாள். பட்டணத்தில் எம்.ஏ. முடித்து, மேலே ஆராய்ச்சி. விஷயம்: டெலிபோன் யாருக்கு முதலில், யாருக்குப் பிறகு, அதைத் தீர்மானிக்கும் சட்டதிட்டம் என்ன. எட்டாவதோடு நின்ற எனக்குப் புரிந்தது ஒன்றுதான். எதிர்மண்டி ஏகாம்பரம் மாட்டினான்.

காரணம் (மறக்காமலிருக்க. மறக்க மாட்டேன்):
நான் மனு போட்டு ஐந்து வருஷம். எனக்குப் பின்னால் போட்ட ஏகாம்பரம் மூன்றே மாதத்தில் வாங்கினான். போன வருஷம் கஸ்தூரிக்கு யுனிவர்சிட்டியில் இன்டர்வியூ. தேதி சொல்ல அவன் கடைக்கு டிரங்க் கால். "அந்த ஆளு இங்க இல்ல" என்று வைத்துவிட்டான். எதிரே தராசு பிடித்து நின்றவன் நான். பிள்ளைக்கு ஒரு வருஷம் போயிற்று.

5-8, புதன்.
பல்லைக் கடித்துக்கொண்டு அவனிடம் போனேன். உங்களைப் போன்ற பெரிய மனிதர் நாலு வார்த்தை சொன்னால் ஆராய்ச்சியில் ஏறும் என்றேன். வீட்டில் இவள் கேட்டாள், பகையாளி குடியை உறவாடிக் கெடுக்கிறீர்களா என்று. ஆமாம்.
கஸ்தூரி நோட்டோடு உட்கார்ந்தாள். அவன் சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு:
"எழுதிக்கம்மா. வரிசை கிரிசையெல்லாம் உங்கப்பன மாதிரி ஆளுங்களுக்கு. நான் ஒரு கல்யாணத்துல பெரிய இடத்துக் காதுல போட்டேன். ஜல்தியா கம்பி இழுத்துட்டாங்க."
எனக்கு அன்று நாலு இட்லி கூடுதலாக இறங்கிற்று.

7-8, வெள்ளி. விழுப்புரம்.
டெலிபோன் ஆபீசில் பழைய மனுக்களைப் பார்க்கக் கஸ்தூரிக்கு அனுமதி. பாசஞ்சரில் கூடப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஏகாம்பரம் தலைகுனிவதை மூன்று விதமாக நினைத்துப் பார்த்தேன். மூன்றாவதில் அழுதான்.
உள்ளே கூப்பிட்டாள். மேஜையில் என் மனு. அதோடு, மறு வருஷம் அவர்கள் கேட்டு நான் நிரப்பி அனுப்பிய தாள்.
"பக்கத்துல போன் வசதி உண்டான்னு கேட்டிருக்காங்க. இன்னாப்பா எழுதி வச்சிருக்கீங்க?"
என் கையெழுத்தேதான். ஏகாம்பரம் கடை நம்பர். கூடவே, கௌரவத்துக்கு: 'எதிர்க்கடை. நமக்கு வேண்டியவர். எந்நேரமும் கூப்பிடலாம்.'
வசதி இல்லாதவனுக்கு முதலில், உள்ளவனுக்குப் பிறகு. அதுதான் விதியாம். இத்தனை வருஷம் என்னைப் பின்னால் தள்ளியவன் நானே.
அவன் குறுக்கே புகுந்தது? அதுவும் நிஜம்தான், இரண்டையும் எழுதுவேன் என்றாள். திரும்பும் ரயிலில் மயிலம் தாண்டியதும் கேட்டேன், அவன் பேர் வருமா என்று. வராதாம். வியாபாரி அ, வியாபாரி ஆ. அவன் அ. காகிதத்திலும் நான் பின்னால்தான்.

10-8, திங்கள்.
தூறல். கஸ்தூரி நேற்றே பட்டணம் போயாயிற்று. மத்தியானம் ஏகாம்பரமே தெருவைத் தாண்டி வந்தான். "உம் பொண்ணு லைன்ல இருக்குது, வாய்யா." ஓடினேன். அவன் சொன்னதைத்தான் முதல் அத்தியாயத்தில் போடச் சொன்னாராம் புரொபசர். ஒரு நகல் டெல்லியில் டெலிபோன் இலாகாவுக்கும் போகுமாம்.
இவன் விடவில்லை. இன்னா சொல்லுது, இன்னா சொல்லுது என்று காதருகே நின்றான். சொன்னேன். பேர் மட்டும் வராது என்றதும் முகம் தொங்கிற்று.
"அதெப்படி? முழுப் பேரும் போடச் சொல்லுய்யா. மண்டி பேரையும் சேத்து."
அவன் டெலிபோனிலேயே கஸ்தூரியைக் கேட்டேன். அவர் சம்மதக் கடிதம் கொடுத்தால் யோசிக்கலாம் என்றாள். எழுத வராதே என்று இழுத்தான். அதற்கென்ன, நமக்கு வேண்டியவர், நானே எழுதித் தருகிறேன் என்றேன்.
பேனாவுக்கு மை போட்டாயிற்று.