ராஜகிரிக்கு மேலே நிற்கும் விமானம்

ஜெகதீஷ் அண்ணா,

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் உன் பேனலை வாங்க இன்று வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது கெட்டுப்போகவில்லை. நான் கதை படிக்க வைத்துக்கொள்ளும் குட்டி விளக்கையும் அதே யூஎஸ்பி ஹப்பில் செருகியிருந்தேன். அது கரண்டை இழுத்துக்கொண்டதால்தான் பேனல் விட்டு விட்டு அணைந்தது. "இன்னாத்தடி நோண்டுன?" என்று நீ கேட்டபோது தொடவேயில்லை என்று சண்டை போட்டேன், விளக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

காலையில் அதைப் பிடுங்கியதும் பொத்தான்கள் எல்லாம் எரிந்தன. நானே விமானத்தைக் கிளப்பினேன் அண்ணா. எத்தனையோ தேசத்துக் கதைகளில் பறந்திருக்கிறேன். ஆனால் தினமும் அண்ணாந்து பார்க்கிற ராஜகிரிக் கோட்டை மலை உள்ளங்கையளவாகக் கீழே கிடந்தபோது மூச்சுவிட மறந்துவிட்டேன்.

குழம்பைச் சுடவைத்துக்கொள்.

பிரவீணா

கம்ப்யூட்டரை அணைத்துவிடாதே. எனக்கு இறக்கத் தெரியவில்லை. கோட்டைக்கு மேலே அப்படியே 'பாஸ்' பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு காலேஜுக்குப் போகிறேன். நீதான் இறக்க வேண்டும்.