அம்மா மலையேறிய படம்

அன்பு மகள் சன்ஹ்வாவுக்கு, குன்சானிலிருந்து அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் குழந்தை தோயூனும் சாவ் பாவ்லோ வெயிலில் சுகமாக இருக்கவேண்டும். இங்கே குளிர் வந்துவிட்டது, கிம்ச்சி ஊறுகாய் போட இந்த வருஷம் நான் கோஸ் வாங்கவில்லை, மேல் வீட்டு கேசுன் ஒரு டப்பா தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

போன இலையுதிர் காலத்தில் அம்மா மலையேறும் சங்கத்தாரோடு நேஜாங் மலைக்குப் போனாள் அல்லவா, அந்த வீடியோவை இப்போதுதான் சங்கத்து இணையப் பக்கத்தில் போட்டார்கள். இறக்கித் திறந்தேன், கம்ப்யூட்டரோடு வந்த பிளேயரில் சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. எல்லோரும் பாடுகிறார்கள், நடுவில் அம்மா சிரிக்கிறாள், கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே பல நாள் அதைக் கேட்டேன். முகத்தையும் பார்க்க ஆசை விடவில்லை. படம் தெரிவதற்குக் கோடெக் என்று சின்னச் சின்ன மென்பொருள் வேண்டுமாம், யாரோ சொன்னார்கள் என்று அது எல்லாவற்றையும் மூட்டையாகப் போட்டதில் கம்ப்யூட்டரே நின்றுபோய் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போடவேண்டியதாயிற்று. இன்னொரு பிளேயரில் படம் வந்தது, ஆனால் உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம், அவள் வாயில் வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது, தாங்காமல் எடுத்துவிட்டேன். கடைசியில் கிடைத்த ஒரு சின்ன இலவச பிளேயர், எந்தக் கோடெக் இல்லை என்று தானே சொல்லித் தானே கொண்டுவந்து போட்டுக்கொண்டது.

சிவந்த மேப்பிள் மரத்தடியில் எல்லோரும் நின்று பாடுகிறார்கள். அம்மா ஓரமாகப் பாறையில் உட்கார்ந்து வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், முகம் வெளுத்து வியர்த்திருக்கிறது. கேமரா தன் பக்கம் திரும்பியதும் கையை எடுத்துவிட்டுச் சிரிக்கிறாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்தச் சிரிப்பைத்தான் மகளே.

மாடிக்குப் போய் கேசுனைக் கேட்டேன், அவளும் அன்று கூடப் போனவள். அழுதுகொண்டே சொன்னாள், "கையைப் புடிச்சுக் கெஞ்சினாங்க அண்ணே. பொண்ணுக்கு மாசம் நெருங்குது, என் நோவு தெரிஞ்சா வயித்தோட பிளேன் ஏறிடுவா, புள்ள பொறக்கட்டும், அதுவரைக்கும் அவரு காதுலகூடப் போட்டுடாதேன்னாங்க." பிள்ளை பெற்றதும் சூப் வைத்துக் குடிக்க உனக்குக் கடற்பாசி அனுப்பினாளே, அதை மலையிலிருந்து வந்த பிறகுதான் உட்கார்ந்து சுத்தம் செய்து கட்டினாள்.

அம்மாவின் சாவுக்கு வந்தபோது நோயை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டாய், எனக்கே தெரியாது என்றேன், நீ நம்பாமல் முகம் பார்க்காமல் போய்விட்டாய். எனக்குக் கோபமில்லை. ஒரே வீட்டில் இருந்தவன் தெரியாது என்றால் யார்தான் நம்புவார்கள்.

படம் எடுத்தவர் அம்மா வயிற்றைப் பிடித்திருக்கும் இடத்தை வெட்டிவிட்டுத் திரும்பச் சுருக்கித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முழுசாக ஒரு சிடியில் போட்டு அனுப்புகிறேன், அந்த பிளேயரும் அதிலேயே இருக்கிறது, வேறு எதையும் போட்டு உன் கம்ப்யூட்டரைக் கெடுத்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது பார், தனியாகப் பார்க்காதே. உன்னால்தான் என்று மட்டும் நினைத்துவிடாதே, தோயூனின் போட்டோவைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தாள், அந்த சந்தோஷத்தோடுதான் போனாள்.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழவேண்டும். வெயிலில் கொண்டுபோகும்போது குழந்தைக்குத் தொப்பி போடு. பார்த்து முடித்ததும் போன் பண்ணு, பேச வராவிட்டால் பரவாயில்லை, நான் வைக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா,
பியோன் கிச்சோல்