பிந்தி வந்த பில்கள்

2024 செப்டம்பர் 14, சனி

வோபர்னில் மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் நியூயோர்க் நம்பர் பிளேட்டோடு ஒரு கார். றொய்சன்! பஃபலோவில் இருந்து எல்லை தாண்டி ஒன்ராரியோவுக்கு இரண்டு மணித்தியால ஓட்டம்தான். ஆனாலும் என் தம்பி வருசத்தில் ஒரு தரம் வந்தாலே பெரிய விசயம். பின் சீற்றில் இரண்டு பெரிய பை. "ரெண்டு நாள் நிண்டிட்டுப் போறன் அக்கா" என்றான். இரண்டு நாளுக்கு இவ்வளவு உடுப்பா? கேட்கவில்லை. மீனைப் பொரித்து வைத்தேன். முந்தி நாலு துண்டு சாப்பிடுகிறவன் ஒன்றோடு எழும்பிவிட்டான். மெலிந்துவிட்டான். இருமுகிறான்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்னும் இருமல். குளிர் பிடித்ததாம். செப்டம்பரில் என்ன குளிர்?

செப்டம்பர் 19, வியாழன்

இன்றைக்கு வாயைத் திறந்தான். நான்தான் திறக்க வைத்தேன். வேலையால் வந்து தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, "உண்மையைச் சொல்லு, டொக்டரிட்டக் கடைசியா எப்ப போனனீ?" என்று கேட்டேன். தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பினான். பிறகு கீழே பேஸ்மென்ற்றுக்குப் போய் ஒரு கட்டுக் கடிதத்தைக் கொண்டுவந்து வைத்தான்.

விசயம் இதுதான். அமெரிக்காவில் படையில் இருந்து விலகினவர்களுக்குத் தனியாக ஆஸ்பத்திரி இருக்கிறது. சிலருக்கு எல்லாம் இலவசம். இவனைப்போலக் கொஞ்சம் வருமானம் உள்ளவர்கள் ஒவ்வொரு தரமும் ஒரு பங்கு கட்ட வேண்டும். அந்தப் பில் இவனுக்கு நாலு வருசமாக வரவேயில்லை. இலவசம் என்று நினைத்துக்கொண்டு போய் வந்திருக்கிறான். போன வருசம் ஒரே உறையில் எல்லாம் வந்திருக்கிறது. ஏழாயிரத்துச் சொச்சம் டொலர். "எங்கள் கணக்கில் பிழை நடந்துவிட்டது, தயவுசெய்து முப்பது நாளுக்குள் கட்டவும்" என்று. பிழை அவர்களுடையது, கட்டுவது இவன்!

நான் பல் டொக்டரின் ஒஃபிசில் பதினெட்டு வருசமாக இன்சூரன்ஸ் பில் அனுப்புகிறேன். நான் ஒரு வருசம் பிந்தி அனுப்பினால் இன்சூரன்ஸ்காரன் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவான். அந்த நட்டம் எங்கள் தலையில், நோயாளி தலையில் இல்லை.

"வரியில திரும்பி வாற காசையும் பிடிச்சிட்டாங்கள்" என்றான். "கவுண்டரில பேரைச் சொன்னா ஸ்கிரீனைப் பாத்திட்டு, உங்களுக்குப் பாக்கி இருக்கு எண்டு சத்தமாச் சொல்லுறாள். பின்னால பத்துப் பேர் நிக்கினம். பேந்து நான் போகேல்லை."

கட்டின் அடியில் வேறொரு கடிதம். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி. ஆறு மாதத்தில் திரும்ப ஸ்கான் எடுக்க வேண்டும்.

திகதியைப் பார்த்தேன். பதினாலு மாதம் முந்தியது.

செப்டம்பர் 22, ஞாயிறு

பூசையில் மனம் நிற்கவில்லை. எழுதித்தான் ஆறவேண்டும்.

1990இல் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்து பெரியண்ணையைக் கூட்டிக்கொண்டு போனவர்களும் யூனிஃபோம் போட்டவர்கள்தான். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்றார்கள். அண்ணை திரும்பி வரவேயில்லை. அந்த உடுப்பைக் கண்டாலே எங்கள் வீட்டில் கதவைப் பூட்டிவிடுவோம். அப்படியான வீட்டில் இருந்து ஒருவன் போய் இன்னொரு நாட்டு ஆமியில் சேர்ந்தான். 2004. கலியாணம் முடித்து பஃபலோவுக்குப் போய் மூன்று வருசம். வேலை இல்லை. படிப்புக்குக் காசு தருவார்கள் என்றான். அப்பா போனை வைத்துவிட்டார். நான் வைக்கவில்லை. வைத்திருக்கலாம். "உந்த உடுப்பைப் போட்டா எனக்குத் தம்பி எண்டு ஒருத்தன் இல்லை" என்று சொன்னேன்.

அவன் ஈராக்கில் பெற்றோல் லொறி ஓடினான். முகாமில் குப்பை எரிக்கிற புகைக்குள் பதினாலு மாதம் படுத்து எழும்பினானாம். திரும்பி வந்தான், மனுசி பிரிந்து போனாள், நாங்கள் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினோம். ஆனால் யாரும் கேட்டால் இன்றைக்கும் நான், "தம்பி அமெரிக்காவில லொறி ஓடுறார்" என்றுதான் சொல்கிறேன்.

அந்த வசனத்தை நான் திருப்பி எடுத்ததே இல்லை. அவனும் கேட்டதில்லை.

செப்டம்பர் 25, புதன்

சண்டை. காசை நான் கட்டுகிறேன் என்றேன். என் மனுசனும் சரி என்றார். இவர் எயார்போர்ட்டில் ஓவர்டைம் செய்து சேர்த்த காசு. றொய்சன் ஓம் சொல்லவில்லை.

"அத்தான் இரவு பகலா நிண்டு உழைச்ச காசில அவங்கட பிழைக்குக் கட்டுறதோ? ஏலாது."

"அப்ப செத்துப் போறியோ?" வாயில் வந்துவிட்டது.

"காசில்லை அக்கா பிரச்சினை. நான் குடுக்க வேண்டியதைக் குடுத்திட்டன். என்னைக் கடன்காரன் எண்டு கூப்பிடுறாங்கள்."

செக் புத்தகத்தை மூடி வைத்தேன்.

செப்டம்பர் 28, சனி

மகள் மெலனி லண்டனில் இருந்து வந்திருக்கிறாள், ஒன்ராரியோ லண்டன். நேர்சிங் கடைசி வருசம். மாமாவின் கடிதங்களை எல்லாம் வாசித்தாள். லப்டொப்பை வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தேடினாள். பிறகு குசினிக்குள் ஓடிவந்தாள்.

"அம்மா, லிசின். தெயர் இஸ் எ பில். சட்டம், சட்டம்! ஒஃபிஸ் பிழையால லேட்டா வந்த சார்ஜை வெற்றரன்ஸிட்ட, ஆமியில இருந்தவையிட்ட, வாங்கக்கூடாது எண்டு. மாமா மாதிரி நிறையப் பேர் இருக்கினம், தௌசன்ஸ்!"

பில் என்றால் எனக்குக் கட்டுகிற பில்தான். சட்டத்துக்கு முதல் நிலையும் பில் என்று இன்றைக்குத்தான் மனதில் உறைத்தது. அது அமெரிக்கப் பாராளுமன்றத்தில் ஒரு கமிட்டியில் கிடக்கிறதாம். இரண்டு கட்சியிலும் ஆட்கள் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

இவர் கேட்டார், "எத்தினை மாசமாக் கிடக்குது?" ஒன்றரை வருசமாம்.

நான் அவர்களுக்குக் கடிதம் எழுத முடியாது. அந்த நாட்டு ஆள் இல்லை. றொய்சன்தான் தன் தொகுதிப் பிரதிநிதிக்கு எழுத வேண்டும். "நான் போய் அழமாட்டன்" என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டான்.

அக்டோபர் 3, வியாழன்

எழுதிவிட்டானாம். யாருக்கும் சொல்லாமல். மெலனிக்கு மட்டும் அனுப்பி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னானாம்.

அக்டோபர் 14, திங்கள்

லீவு நாள். ரூஜில் இருக்கிற இவரின் தங்கை வீட்டில் சாப்பாடு. அங்கே ஒருவர் றொய்சனிடம் என்ன வேலை என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு "லொறி" என்றேன். றொய்சன் என்னை ஒரு தரம் பார்த்தான். கோபம் இல்லை. கோபம் என்றால் தாங்கியிருப்பேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

பிரதிநிதியின் ஒஃபிசில் இருந்து ஒரு பெண் பிள்ளை ஸூமில் வந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு, எங்கள் குசினி மேசையில். நான் அரை நாள் லீவு எடுத்தேன். கமெராவில் படாமல் அடுப்படியில் நின்றேன்.

றொய்சன் சேர்ட் மினுக்கிப் போட்டிருந்தான். ஆங்கிலத்தில் ஆறுதலாகச் சொன்னான், எந்த வருசம், எந்த இடம், எத்தனை லீற்றர் எண்ணெய், வீதியில் எத்தனை தரம் குண்டு வெடித்தது. கூட ஓடின லொறி ஒன்று எரிந்ததைச் சொன்னான். எனக்கு ஒரு நாளும் சொன்னதில்லை. நான் ஒரு நாளும் கேட்டதும் இல்லை.

பிறகு அந்தப் பிள்ளை கேட்டாள், கடிதம் வந்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது என்று. றொய்சன் சொன்னான்: "ஆமியில் எனக்கு வந்த ஓடர் ஒன்றுகூட ஒரு நாளும் பிந்தி வந்ததில்லை. நானும் ஒரு நாளும் பிந்திப் போனதில்லை."

அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் நேர்மையானவள். நம்பிக்கை ஊட்டவில்லை. கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை, ஆனால் செலவு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து முடியவில்லை, தேர்தல் வருகிறது, வருச முடிவுக்குள் வாக்கெடுப்புக்கு வராவிட்டால் இந்தப் பில் காலாவதி, புது அவையில் முதலில் இருந்து தொடங்க வேண்டும். "சட்டத்துக்காக வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள்" என்றாள். கஷ்டப்பட்டவர்கள் கட்டணத்தை விட்டுவிடும்படி கேட்க ஒரு படிவம் இருக்கிறதாம், அனுப்புகிறேன் என்றாள்.

ஸூம் முடிந்தபிறகும் அவன் எழும்பவில்லை. முதுகைத் தடவலாம் என்று கிட்டப் போனேன். தேத்தண்ணிதான் ஊற்றினேன்.

நவம்பர் 9, சனி

படிவம் போய்விட்டது. ஸ்கானுக்குப் போ என்றால், "சட்டம் வரட்டும்" என்கிறான். இப்போது அவனுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எங்களுக்குத்தான் பயம். ஒவ்வொரு நாளும் காலையில் அந்தக் கமிட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறான். இவர் மிசிசாகாவில் எயார்போர்ட் வேலையால் வந்து கேட்கிற முதல் கேள்வி, "ஏதும் அசைஞ்சுதே?"

டிசம்பர் 5, வியாழன்

அவன் இருமித் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம். சிறு கோடு. நான் கண்டதை அவன் காணவில்லை.

டிசம்பர் 20, வெள்ளி

அந்தப் பிள்ளை போன் எடுத்தாள். வாயால் சொல்லவேண்டும் என்று எடுத்தாள், மெயிலில் அனுப்பவில்லை, அதற்கு நன்றி. பில் வாக்கெடுப்புக்கு வரவில்லை. இனி வராது.

றொய்சன் "தாங்க் யூ மாம்" என்று சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

டிசம்பர் 21, சனி

காலையில் எழும்பிப் பார்த்தால் பைகளைக் காருக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறான். பனி கொட்டுகிறது. செருப்போடு ஓடினேன்.

"எங்க போறாய்?"

"வீட்டை. போதும் அக்கா. இனி ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறேல்லை."

"ஸ்கான்?"

"விடு."

காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் விறைத்துவிட்டது. வந்தது அதுதான், இருபது வருசமாகத் தொண்டைக்குள் கிடந்தது.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழையடா. தம்பி இல்லை எண்டு சொன்னன். பெரியண்ணையை நினைச்சுக்கொண்டு உனக்குச் சொல்லிப்போட்டன். நீ லொறிக்குள்ள இருக்கேக்க நான் ஒவ்வொரு நாளும் நியூஸ் பாத்தனான். போன் எடுக்கேல்லை. வெக்கத்தில எடுக்கேல்லை. நீ போறதெண்டால் போ. ஆனா ஆஸ்பத்திரிக்கு நான் கூட வாறன். ஒரு அண்ணையை விட்டிட்டம். உன்னையும் விடச் சொல்லுறியோ?"

அவன் கார்க் கண்ணாடியில் இருந்த பனியைக் கையால் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"உள்ள போ, காய்ச்சல் வரப்போகுது" என்றான். பிறகு, "ஜனவரியில வா. நத்தாருக்குப் பிறகு" என்றான்.

நத்தார் முடியும்வரை இங்கேதான் நிற்கிறானாம். பையை இவர் திரும்ப உள்ளே கொண்டுவந்து வைத்தார்.

2025 ஜனவரி 8, புதன்

எல்லையில் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். "தம்பி ஆமியில இருந்தவர், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

கவுண்டரில் இருந்தவள் வேறு ஒருத்தி. ஸ்கிரீனைப் பார்த்தாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருசமாக அந்தப் பக்கம் நின்ற எனக்குத் தெரியும், அவள் பாக்கியைக் காண்கிறாள் என்று. ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படிவத்தை நீட்டி, "இரண்டாவது மாடி, சேர்" என்றாள்.

ஸ்கான் பதினைந்து நிமிசம்.

ஜனவரி 15, புதன்

புள்ளி பெருத்திருக்கிறது.

பெப்ரவரி 6, வியாழன்

வெட்டி எடுத்துவிட்டார்கள். நுரையீரலில் ஒரு துண்டு. பரவவில்லை. டொக்டர் சொன்னார், இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தால் இப்படி நின்று கதைத்துக்கொண்டிருக்க மாட்டோம் என்று. நான் அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டேன். றொய்சன் மயக்க மருந்துக் குரலில், "அக்கா, அவரை விடு, வேலை இருக்கு அவருக்கு" என்கிறான்.

மார்ச் 11, செவ்வாய்

படிவத்துக்குப் பதில். இந்த வருசம் புதுக் கட்டணம் ஒன்றும் எடுக்கமாட்டார்கள். பழைய ஏழாயிரம் அப்படியே நிற்கிறது, மாதாமாதம் கட்டலாமாம். அதை மட்டும் ஒரு சட்டம்தான் அழிக்கும் என்று மெலனி சொல்கிறாள். புது அவையில் பில்லைத் திரும்பவும் கொண்டுவர ஆட்கள் தேடுகிறார்களாம். றொய்சனின் வாக்குமூலத்தை ஃபைலில் வைத்திருக்கிறோம் என்று அந்தப் பிள்ளை எழுதியிருக்கிறாள்.

வரலாம். வராமலும் போகலாம். முந்தியென்றால் இதை இப்படி ஆறுதலாக எழுதியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

வேலையில் இருக்கிறபோது றொய்சன் பஃபலோவில் இருந்து போன் எடுத்தான். பகலில் எடுக்காதவன், போனோடு எழும்பி வெளியே ஓடினேன். ஒன்றுமில்லை. உயிர்ப்பு ஞாயிறுக்கு வரமுடியாதாம்.

"ஏன்ரா? உனக்கெண்டு நண்டு சொல்லி வைச்சிருக்கிறன்!"

பக்கத்துத் தெருவில் ஒரு கிழவர், வியட்நாமுக்குப் போனவராம், எழுபத்தேழு வயசு. பாக்கி இருக்கென்று இரண்டு வருசமாக ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லையாம். இவன் நாலு நாளாக அவர் வீட்டு வாசலில் போய் நின்று கதைத்துச் சம்மதிக்க வைத்திருக்கிறான். திங்கள் காலை ஏழு மணிக்கு அப்பொயின்ற்மென்ற். முதல் நாள் இருந்து அவரோடு கூட இருக்காவிட்டால் மனம் மாறிவிடுவாராம்.

"அவருக்கு ஒருத்தரும் இல்லை அக்கா. கவுண்டரில நான் கதைக்கிறன் எண்டு சொல்லியிருக்கிறன்."

இரண்டு ஏச்சுக் கொடுக்க வாய் வந்தது. கொடுக்கவில்லை. கிழவருக்கு உறைப்பு ஒத்துவருமோ என்று கேட்டேன். அவன் சிரித்தான், இருமல் இல்லாமல். இவரிடம் சொல்லியிருக்கிறேன், சனிக்கிழமையே சமைத்து, இரண்டு பேருக்கும் கட்டிக்கொண்டு பஃபலோவுக்குப் போகிறோம் என்று.