மோஸின் குரல்

1965 பிப்ரவரி 9, செவ்வாய்

இறைச்சிக் கடையில் வரிசையில் நின்றேன். கவுன்டர் அம்மாள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, கையாட்டி, சத்தமாகக் கேட்டாள்: “என்ன... வேணும்?” எங்கே போனாலும் நடப்பதுதான். கொத்துக்கறி இரண்டு பவுண்டு என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “பேச வருமா உங்களுக்கு? அப்போ ஒன்பது வருஷமா எங்களை ஏமாத்தினீங்களா?”

கார் வரைக்கும் லோர்னா சிரித்துக்கொண்டே வந்தாள். “வீட்டுல வந்து பார்க்கச் சொல்லு அவளை. உன் பேச்சை நிறுத்தத்தான் ஆள் இல்ல.” மனைவி சொன்னால் மறுக்க முடியுமா?

‘ஹாக் மெசா’ தொலைக்காட்சித் தொடரில் குதிரை லாயக்காரன் மோஸாக நடிக்கும் ஆர்லோ நான்தான். ஊமை மோஸ். 1956-இல் மூன்று வசனம் பேசத்தான் வந்தேன், அன்று காலை பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. “சரி, இவன் ஊமைன்னு வெச்சுக்கலாம்” என்றார் இயக்குநர். இரண்டு வாரம்தான் என்றார்கள்; ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. அதற்கு முன் பதினோரு வருஷம் மேடையில் பேசிப் பிழைத்தவன் நான்.

பிப்ரவரி 11

தொடரின் நாயகன், ஷெரீப்பாக நடிக்கும் பிரைஸ், இன்று நான்கு முறை வசனம் மறந்தான். குதிரைக்குப் பின்னால் நின்று உதடு அசையாமல் எடுத்துக் கொடுத்தேன். நாட்டுக்கே ஷெரீப் அவன். அவனைப் பேச வைப்பது ஊமை.

மார்ச் 3, புதன்

தொடரை நிறுத்துகிறார்கள். இன்னும் நான்கு வாரப் படப்பிடிப்பு. மதியம் சாப்பாட்டு மேசையில் தயாரிப்பாளர் ஃபென்ஸ்டர்மன் எழுந்து நின்று சொன்னார், பிறகு உட்கார்ந்து கேக் சாப்பிட்டார்.

என் ஏஜென்ட் இஸ்ஸி, இது நல்லதுக்குத்தான், இனிமேல் பேசுகிற வேஷமாகப் பிடிக்கலாம் என்றான். போன மாதம் வேஷம் கேட்க அவன் அனுப்பிய இரண்டு இடத்திலும் என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டான் போல. ஓரிடத்தில் அரைப்பக்கம் படித்தேன். நடிகர்களைத் தேர்வு செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், திறந்து பார்த்தார், மறுபடி மூடினார். குரல் அருமை, ஆனால் என் முகத்துக்குப் பொருந்தவில்லையாம்.

யாருடைய குரல்னு நினைச்சார்? நாற்பத்தேழு வயசுல வேற முகத்துக்கு நான் எங்க போறது?

மார்ச் 5

ஃபென்ஸ்டர்மனிடம் கேட்டே விட்டேன். கடைசி அத்தியாயத்தில் மோஸ் ஒரே ஒரு வாக்கியம் பேசட்டும். முடியாது என்றார். ஊமை எப்படிப் பேசுவான், டாக்டர் யாராவது வந்தாரா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்களாம்.

நான் கும்பிடு போட்டு விலகியிருப்பேன். பிரைஸ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தான். “ஆர்லோ பேசலைன்னா நானும் பேசலை. எனக்கு எப்படியும் வசனம் ஞாபகம் வராது.”

நான் எடுத்துக் கொடுப்பதெல்லாம் அவன் மனதில் இருக்காது என்றே நினைத்திருந்தேன்.

மார்ச் 24

ஷெரீப் ஊரை விட்டுப் போகிறான். லாய வாசலில் மோஸ் குதிரையைப் பிடித்துக் கொடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும்: “போயிட்டு வாங்க ஷெரீப். ஊரை நான் பார்த்துக்கறேன்.”

அவ்வளவுதான். லோர்னாவிடம் இருநூறு தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே “சரி, பார்த்துக்கோ, நான் போறேன்” என்றாள்.

கேமரா ஓடியதும் சத்தமே வரவில்லை. வாய் திறந்தது, காற்று வந்தது. ஒன்பது வருஷப் பழக்கம். விளக்கு ஆட்கள்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள் — அதுதான் தாங்க முடியவில்லை. ஆறாவது முறை, சேணத்தில் உட்கார்ந்திருந்த பிரைஸ் குனிந்து, உதடு அசையாமல், என் வசனத்தை எனக்கு எடுத்துக் கொடுத்தான்.

ஒரு எழுத்து தப்பாமல். சொல்லிவிட்டேன்.

மே 18, செவ்வாய்

போன வாரம் கடைசி அத்தியாயம் ஒளிபரப்பானது. இஸ்ஸி இன்று ஒரு பை நிறையக் கடிதம் கொண்டுவந்தான். எல்லாம் மோஸைப் பற்றி. மோஸுக்கு வேறு எவனோ ஒருவனின் குரலைப் போட்டுக் கெடுத்துவிட்டார்களாம். ஐயோவாவில் ஒரு பெண்மணி, மோஸ் உண்மையில் பேசினால் எப்படிப் பேசுவார் என்பது தனக்கு நன்றாகத் தெரியும், இது அவர் இல்லை என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்.

நானும் இஸ்ஸியும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவன் போனதும் காரேஜுக்குப் போய்ச் சும்மா நின்றேன். சிரிப்பு எப்போ நின்னுச்சுன்னு தெரியல.

லோர்னா வந்தாள். தேற்றுவாள் என்று பார்த்தேன். பார்வையற்றவர்களுக்காகப் புத்தகம் படித்து இசைத்தட்டில் பதிகிறார்கள், அவளுடைய சிநேகிதி அங்கே வேலை செய்கிறாள், ஆள் தேடுகிறார்கள் என்றாள். “அங்க உன் மூஞ்சியை யாரும் பார்க்க மாட்டாங்க. நாள் பூரா பேசலாம். எனக்கும் பகல்ல கொஞ்சம் காது ஓயும்.”

ஜூன் 7

முதல் நாள். சின்ன அறை, ஒரு மைக், ஒரு குவளைத் தண்ணீர். முப்பத்திரண்டு பக்கம் படித்தேன். யாரும் ‘கட்’ சொல்லவில்லை.

1967 அக்டோபர் 12, வியாழன்

நாற்பத்தொன்றாவது புத்தகம் முடிந்தது.

நெப்ராஸ்காவிலிருந்து ஒரு கடிதம். எழுதியவர் பண்ணைக்காரர், பெயர் ஓட்டிஸ் பிராம்லெட், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் சொல்லச் சொல்லத் தங்கை எழுதியிருக்கிறாள். இரண்டு வருஷமாக மாலையில் மாடு கறந்து முடித்ததும் என் குரலைத்தான் கேட்கிறாராம். நான் ஏதோ கௌபாய் தொடரில் நடித்தவன் என்று தங்கை சொன்னாளாம். “ஒன்பது வருஷமா என்னதான் பேசினீங்கன்னு கேட்டா, இவ சிரிக்கிறாளே தவிர சொல்ல மாட்டேங்கிறா.” பிறகு, தப்பாக நினைக்கக் கூடாது, என் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார்.

பதில் எழுதப் பேனாவைத் திறந்துகொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். லோர்னா பேனாவையும் தாளையும் வாங்கி, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். “நேரா உட்காரு,” என்றாள். “ஜன்னல் பக்கம் திரும்பு. பேசாதே.”