வான்கோழிக்குப் பத்து இறகு

நவ. 17, திங்கள்

பனி. ஃபர்ஸ்ட் ஷிப்ட். ஸ்வெட்டர் காயவில்லை. நடுங்கிக்கொண்டே கம்பெனி பஸ்.

மாலை ஜெனியின் ப்ளே ஸ்கூலிலிருந்து வாட்ஸப். அடுத்த வாரம் தேங்க்ஸ்கிவிங்காம். அமெரிக்காக்காரன் நன்றி சொல்வதற்கு ஓசூரில் நான் அட்டை வெட்ட வேண்டும்.

வேண்டியவை:
அட்டையில் வான்கோழி - 1
துணி கிளிப், கலர் கலராக - 10
எண்ணிப் பழகப் பூசணி விதை - ஒரு பிடி

வெள்ளிக்கிழமை அப்பா அம்மா முன்னால் குழந்தை தானே கிளிப்புகளை இறகாக மாட்டி எண்ணிக் காட்ட வேண்டும்.

ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து: “நம்ம சர்ச்சு அறுப்புப் பண்டிகை மாதிரிதாங்க.” அங்கே பூசணிக்காயை ஏலம் எடுத்துக் குழம்பு வைத்தோம். விதையை யாரும் எண்ணச் சொல்லவில்லை.

ஜெனிக்குப் போனில் வான்கோழி காட்டினேன். “அப்பா, இந்தக் கோழிக்கு ஒடம்பு சரியில்லையா?”

மிஸ் தனியாக ஒரு மெசேஜ். ஜெனி விரலில் பலமில்லை, டிபன் மூடி திறக்க வரவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வருடம் எல்.கே.ஜி.யா, மறுபடி ப்ரீ கே.ஜி.யா என்று சொல்வார்களாம். நானே ஐ.டி.ஐ.யில்தான் அரியர் வைத்தேன். பிள்ளை முந்திக்கொண்டாள்.

நவ. 18, செவ்வாய்

தூறல். வான்கோழி வெட்டியாயிற்று. பார்க்க ஆமை மாதிரி.

பயிற்சி. கிளிப் கல் மாதிரி. இரண்டு கையாலும் அமுக்குகிறாள், பல்லால் கடிக்கிறாள். பிறகு என்னிடம் நீட்டுகிறாள், “நீ போடு.” போட்டேன். அடுத்ததையும் போட்டேன். வான்கோழி முழுக்க என் கைவேலை.

எண்ணிக்கை: “ஒன், டூ, மூணு, நாலு, ஐது.” ஐது கீழ்வீட்டு கன்னட ஆன்ட்டி உபயம். அதற்கு மேல் எந்த மொழியிலும் இல்லை. கத்திவிட்டேன். அழுதாள். ஸ்டெல்லா என்னோடு பேசவில்லை. உப்புமாவும் பேசவில்லை, உப்பே இல்லை.

நவ. 19, புதன்

யோசனை வந்துவிட்டது. பிக்சர்! சினிமா இல்லை, பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் அச்சு.

லைனில் புது ஆளுக்குக் கை வராவிட்டால் என்ன செய்கிறோம்? தப்பே பண்ண முடியாதபடி ஒரு பிக்சர் செய்து வைக்கிறோம். சூப்பர்வைசரிடம் கேட்டு, கழிவில் கிடந்த அக்ரிலிக் துண்டில் பத்து பள்ளம் வெட்டி, ஓரத்தில் ஒரு நெம்புகோலும் வைத்தேன். கிளிப் வாயைத் திறந்தபடியே உட்காரும். அட்டையைச் செருகி நெம்புகோலை உள்ளங்கையால் தட்டினால் போதும், பத்தும் கவ்விக்கொள்ளும்.

பக்கத்து மெஷின் முருகேசண்ணன், கல்லாவி ஊர்க்காரர், பார்த்துவிட்டார். “ஏம்பா, புள்ளைய ஸ்கூல்ல சேத்துனியா, நம்ம கம்பெனி ப்ரெஸ் ஷாப்புல சேத்துனியா?”

வீட்டில் ட்ரையல். ஒரே தட்டு, பத்து இறகு! ஜெனி கைதட்டினாள். நானும்.

ஸ்டெல்லா: “அமுக்கறதுதாங்க அங்க வேலையே. அதையே எடுத்துட்டா?” பொறாமை.

நவ. 20, வியாழன்

சானமாவு காட்டுப் பக்கம் ரோட்டில் யானை. பஸ் நின்றே கிடந்தது. வந்தபோது ஜெனி தூங்கிவிட்டாள். போகட்டும், பிக்சர் இருக்கிறது.

நவ. 21, வெள்ளி

பெர்மிஷன் போட்டுப் போனேன். கட்டைப்பையிலிருந்து பிக்சரை எடுத்து மேசைமேல் வைத்தேன். மற்ற அப்பாக்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

“என்ன சார் இது?”

விளக்கினேன். ஒரு தட்டுக்கு எத்தனை செகண்ட் என்ற சைக்கிள் டைம் வரைக்கும்.

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சார், விரலுக்கு வேலை குடுக்கத்தான் இதே. நீங்க விரலுக்கு லீவு குடுத்துட்டீங்களே.”

பிக்சர் மேசைக்கு அடியில் போனது. ஜெனி வெறுங்கையோடு. ஒன்று மாட்டினாள். இரண்டு. மூன்றாவதை என்னிடம் நீட்டினாள், “நீ போடு.” என் கை தானாகப் போய்விட்டது.

“சார்! கையப் பின்னாடி கட்டுங்க.”

கட்டினேன். ஒன்றாம் வகுப்பில் கட்டியது, அதற்கப்புறம் இப்போதுதான். ஜெனி என்னையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். கிளிப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டு இறகு வான்கோழி.

மிஸ்: “ஜனவரில இன்னொரு தடவை பாக்கலாம். வீட்ல நீங்க எதுவும் பண்ணாதீங்க சார். அதுதான் ஹோம் ஒர்க்.” எனக்கு.

நவ. 22, சனி

வெயில். வீக் ஆஃப். மாடியில் துணி காயப் போடும் வேலை.

ஜெனி கிளிப் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். என் யூனிபார்ம் சட்டைக் கை அவள் எட்டும் உயரத்தில் தொங்கியது. நாக்கைத் துருத்திக்கொண்டு அமுக்கினாள். வழுக்கியது. மறுபடி. மறுபடி. பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு, தண்ணீர்க் குழாயில் இருந்த கம்பெனி பேரைப் படித்தேன்.

டக். மாட்டிவிட்டது.

“ஒன்.” ரொம்ப நேரம் கழித்து, “டூ.” அப்புறம் மூணு, நாலு. ஸ்டெல்லா இரண்டு முறை கீழிருந்து கூப்பிட்டாள். “ஐது.”

ஆறாவது பாதி வாய் திறந்து நின்றது. இன்னும் துளிதான். குனிந்துவிட்டேன்.

“அப்பா! கையப் பின்னாடி கட்டு!”

கட்டினேன்.

கிளிப் பறந்து பக்கெட் தண்ணீரில் விழுந்தது. நான் நகரவில்லை. அவளே போனாள்.