யூனிக்ஸை நான் ஒப்புக்கொண்ட நாள்

இன்று காலை யூனிக்ஸ் கையேட்டைத் திறந்தபோது உங்கள் முறுக்கின் எண்ணெய்க் கறை கண்ணில் பட்டது. உங்கள் தங்கை மணப்பாறையிலிருந்து அனுப்பும் முறுக்கு. லேபுக்குள் தின்பண்டம் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவரும் நீங்கள்தான். நீங்கள் கண்மூடி எட்டு மாதம் ஆகிறது. கறையில் இன்னும் ஓமம் மணப்பதுபோல் இருந்தது, கற்பனையாகவும் இருக்கலாம்.

எண்பத்தாறில் நம் பெண்கள் கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வாங்க அனுமதி வந்தது. டாஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் தனிப் பெட்டிகள் என்றால் இரண்டுதான் வாங்கலாம். யூனிக்ஸ் என்றால் ஒரே பெட்டி, அதோடு இணைந்த ஆறு திரைகள். பிசிக்ஸ் துறையிலிருந்து நீங்கள் யூனிக்ஸ் என்றீர்கள். கணக்குத் துறையிலிருந்து நான் டாஸ் என்றேன். இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போடும்வரை எதுவும் வாங்கப்போவதில்லை என்று முதல்வர் மதர் சொல்லிவிட்டார்.

என் பயம் நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறேன். தனிப் பெட்டியில் ஒருத்தி செய்யும் தவறு அவளோடு போகும். ஒரே பெட்டியை ஆறு பேர் பகிர்ந்தால், ஒருத்தியின் தவறு ஆறு பேரையும் நிறுத்திவிடாதா? ஸ்ரீரங்கம் பஸ்ஸில் இரண்டு வாரம் இதையே பேசினோம். நீங்கள் கோபப்பட்டது ஒரு நாள்தான். முந்தைய வருடம் வேறொரு கல்லூரி லேபில் ஒருவர் விசை தட்ட, நம் பெண்கள் நாற்பது பேர் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததை நினைவுபடுத்தினீர்கள்.

“வேடிக்கை பாக்குறதுக்கு நம்ம பொண்ணுங்க எதுக்குங்க காலேஜுக்கு வரணும்? மலைக்கோட்டை வாசல்ல நின்னாப் போதுமே.”

அதற்கும் நான் ‘சரி, ஆனால்’ என்று இழுத்தேன்.

“நீங்க ‘ஆனா’ போடாம ஒண்ணை நல்லாருக்குன்னு சொன்னா, அன்னிக்குக் காவிரி மேற்க ஓடும்” என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்.

விற்பனையாளர்கள் யூனிக்ஸ் பெட்டியை இயக்கிக் காட்ட வந்த அன்று, ஐந்து திரைகளில் ஐந்து மாணவிகளை உட்காரவைத்து, ஆறாவதை எனக்கு விட்டீர்கள். “முடிஞ்சா நிறுத்திப் பாருங்க, கணக்கு மேடம்.” நான் தயாராகவே வந்திருந்தேன். முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் நான்கு வரி புரோகிராம். ஓடவிட்டேன். என் திரை உறைந்தது. மற்றவை கொஞ்சம் தயங்கின, நிற்கவில்லை. நீங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருந்த மேற்பார்வைத் திரைக்குப் போய், ஓடும் வேலைகளின் பட்டியலை வரவழைத்து, என்னுடையதை மட்டும் ஒரே வரியில் நிறுத்தினீர்கள்.

“அஞ்சு பேர்ல ஒருத்தியாவது தலை நிமிந்தாளா?” என்று மெதுவாகக் கேட்டீர்கள்.

இல்லை. ஐவரும் தட்டிக்கொண்டே இருந்தார்கள். தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு வாதத்தில் தோற்றுவிட்டு அத்தனை சந்தோஷமாக நான் பஸ் ஏறியது அன்றுதான்.

இன்று இறுதியாண்டு செய்முறைத் தேர்வு. ஒருத்தியின் புரோகிராம் கட்டுமீறி ஓட, மேற்பார்வைத் திரையில் இருந்த உறையூர்ப் பெண் யாரையும் கேட்காமல் அதை மட்டும் நிறுத்தினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வியந்துபோய், எனக்குப் பிடித்த ஆபரேட்டிங் சிஸ்டம் எது என்று கேட்டார். எதையும் உடைத்துப் பார்த்த பிறகே நம்புகிறேன். அந்தக் குணம் மாறவில்லை. உடையாததை உரக்க ஒப்புக்கொள்வது உங்களிடமிருந்து வந்தது.

“யூனிக்ஸ்தாங்க. ஒருத்தி தப்புப் பண்ணினா மத்தவங்க நிக்க வேண்டாம். நல்லாருக்கு” என்றேன். அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

சாயங்காலம் பஸ் பாலத்தைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். காவிரி கிழக்கேதான் ஓடிக்கொண்டிருந்தது.